அட்டவணையில் பிரியாத வரி: ஒரு புதுப் பிஸ்டலின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது டெக்சாஸில், டாலஸ் நகருக்கு வடக்கே ஒரு புறநகரில் நடந்தது. பிஸ்டலின் உரிமையாளர் என் நண்பர். மென்பொருள் வேலை, நாற்பதை நெருங்கும் வயது. அவர் மனைவி மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறார். பள்ளிக்குப் போகும் ஒரு மகன் இருக்கிறான். நான் வயதில் மூத்தவன் என்பதால் கணவன் மனைவி இருவருக்கும் நான் 'அண்ணா'.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நிகழ்வில் நடந்த பெரிய தவறு என்னுடையது. அமெரிக்கா வருவதற்கு முன் ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் எட்டு வருடம் இருந்தேன். இங்கே வந்த பிறகு துப்பாக்கி சுடுதல் பொழுதுபோக்காகி, இப்போது வார இறுதிகளில் ஒரு உள்ளரங்க ரேஞ்சில் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பிழை கண்டுபிடிப்பது என் தொழில் என்ற நினைப்பு எனக்கு உண்டு. அந்த நினைப்புதான் காலை வாரியது.

நண்பர் பல வருடம் எச்-1பி விசாவில் இருந்தார். குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு என்பது போன்ற சந்துகள் உண்டு. நண்பர் அந்தச் சந்துக்குள் போகவில்லை. கிரீன் கார்டு கையில் வரும்வரை காத்திருந்து, உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குபவர் தர வேண்டிய 4473 படிவம் நிரப்பி, எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சரிபார்ப்பு முடிந்த பிறகே வாங்கினார். இரவு வீட்டில் மனைவி இல்லாத நாட்களில் மகனோடு தனியாக இருப்பதுதான் வாங்கியதற்குச் சொன்ன காரணம். மனைவிக்கு இதில் அரை மனசு.

வாங்கியது 9 மி.மீ. லூகர் தோட்டா போடும் காம்பாக்ட் பிஸ்டல். பாலிமர் உடல், ஏறக்குறைய 4 அங்குலக் குழல், 15 தோட்டா பிடிக்கும், கைப்பிடிக்குள் செருகும் இரண்டு மேகஸின்கள். வெளியே தெரியும் சுத்தியல் கிடையாது. உள்ளே ஸ்பிரிங்கால் தள்ளப்படும் ஸ்ட்ரைக்கர் என்ற ஊசி போய்த் தோட்டாவின் பிரைமரை, அதாவது அடிப்பாகத்தில் இருக்கும், அடிபட்டால் தீப்பற்றும் சின்ன மூடியை, அடிக்கும். தயாரிப்பாளர் பெயரை எழுதவில்லை. ஒற்றைத் துப்பாக்கியை வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோட முடியாது.

முதல் நாள்: 100 தோட்டா, 14 தடங்கல்

வாங்கிய மறுநாளே நண்பர் தனியாக ரேஞ்சுக்குப் போய்விட்டார். பெட்டியைத் திறந்து, கையேட்டைப் புரட்டாமல், இருப்பதிலேயே மலிவான 115 கிரெய்ன் (தோட்டா முனையில் இருக்கும் குண்டின் எடை), எஃகுக் கூடு போட்ட தோட்டா இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு போனார். எல்லோரும் செய்வதுதான். மேகஸினுக்குப் பத்துப் பத்தாகப் போட்டு 100 சுட்டார். சாயந்திரம் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, என் தலையில டூப்ளிகேட்ட கட்டிட்டாங்க போலிருக்கு. சுட்டதவிட சிக்கினதுதான் அதிகம்."

அவர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். ஒவ்வொரு தடங்கலையும் போனில் ஒரு வரி குறித்து வைத்திருந்தார். அதை நான் வகை பிரித்தேன். ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதி) முழுவதும் மூடாமல் ஒரு நூல் அளவு பின்னால் நின்றது, 5 முறை. சுட்ட வெற்றுக்கூடு வெளியே போகாமல் ஸ்லைடின் வாயில் புகைபோக்கி மாதிரி செங்குத்தாக மாட்டிக்கொண்டது, 3 முறை. இதை இங்கே 'ஸ்டவ்பைப்' என்பார்கள். கடைசித் தோட்டா சுட்ட பிறகும் ஸ்லைடு பின்னால் பூட்டி நிற்காதது, 4 முறை. விசையை இழுத்தால் 'டிக்' என்று மட்டும் கேட்டது, 2 முறை. இது போக, 7 கெஜத்தில் வைத்த இலக்கில் துளைகள் எல்லாம் இடப்பக்கம் கீழே விழுந்திருந்தன.

'டிக்' கேட்ட இரண்டு முறையும் அவர் உடனே ஸ்லைடை இழுத்துத் தோட்டாவை வெளியே எறிந்திருக்கிறார். அது ஆபத்தான பழக்கம். பிரைமர் தாமதமாகப் பற்றும் வாய்ப்பு உண்டு. குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்க, குறைந்தது 30 வினாடி காத்திருந்துதான் எடுக்க வேண்டும். இன்னொரு இழப்பும் இருந்தது. அந்த இரண்டு தோட்டாக்களையும் ரேஞ்சின் கழிவு வாளியில் போட்டுவிட்டார். அவற்றின் பிரைமரில் இருந்த தழும்பை யாரும் பார்க்கவில்லை. அது எவ்வளவு பெரிய இழப்பு என்று அப்போது எனக்கும் தெரியவில்லை.

கடையில் கிடைத்த பதிலும் எங்கள் முடிவும்

கடைக்காரர் சொன்ன பதில் இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வது: புதுசு அப்படித்தான் இருக்கும், ஐந்நூறு தோட்டா சுட்டால் சரியாகிவிடும். இதில் உண்மை கொஞ்சம் உண்டு. புது ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், உரசும் பரப்புகள் பழகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். முழு அளவுப் பிஸ்டலைவிட காம்பாக்டில் ஸ்லைடு எடை குறைவு, ஓடும் தூரமும் கொஞ்சம் குறைவு. அதனால் சின்னக் குறையையும் அது பொறுக்காது. ஆனால் அந்தப் பதில் எல்லாக் குறையையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. எது பழகப் பழகச் சரியாகும், எது ஆகாது என்று அது பிரிப்பதில்லை.

நண்பரிடம் வேறு திட்டம் இருந்தது. தோட்டா ஏறும் சரிவை சின்ன கிரைண்டரால் பாலிஷ் போட்டு, ஸ்லைடை மறுபடி முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கையும் மாற்றிவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. தேய்த்ததை மறுபடி ஒட்டவும் முடியாது. உத்தரவாதமும் போகும். முதலில் சுத்தம் செய்வது, பிறகு ஒவ்வொன்றாக மாற்றிச் சோதிப்பது என்று முடிவானது.

சுத்தம்

அடுத்த ஞாயிறு அவர் வீட்டு கராஜில் உட்கார்ந்தோம். மேகஸினை எடுத்து, ஸ்லைடைப் பின்னால் பூட்டி, தோட்டா போய் உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரல் விட்டும் தடவிப் பார்த்தோம். தோட்டாப் பெட்டிகள் வேறு அறையில். இந்த ரகப் பிஸ்டல்கள் பலவற்றில் கழற்றும்போது விசையை இழுத்தே ஆக வேண்டும், இதிலும் அப்படித்தான். காலி என்று நினைத்து இழுத்துச் சுவரைத் துளைத்தவர்கள் கதை ஒவ்வொரு ரேஞ்சிலும் ஒன்று உண்டு.

கழற்றியதும் முதல் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. கிடங்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் கெட்டி எண்ணெய் ஸ்லைடின் தடங்களிலும் தோட்டாவின் அடிப்பாகம் வந்து உட்காரும் முகப்பிலும் அப்படியே இருந்தது. அதில் 100 தோட்டாவின் கரி வேறு கலந்து, வண்டிமை மாதிரி ஆகியிருந்தது. எல்லாவற்றையும் துடைத்து, கையேட்டில் சொன்ன இடங்களில் மட்டும் ஒவ்வொரு துளி எண்ணெய் விட்டோம். ஸ்ட்ரைக்கர் ஓடும் துளையில் எண்ணெய் விடக்கூடாது என்று கையேடு சொன்னது, விடவில்லை. மேகஸின்களுக்கு மார்க்கரால் 1, 2 என்று எண் போட்டோம்.

அன்றைக்கு ஸ்லைடைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பக்கத்தையும் துடைத்தேன். அங்கேதான் பட்டன் மாதிரி ஒரு சின்ன உலோகத் தலை தெரியும். அதன் மேல் துணியை ஓட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன். விரலால் ஒரு முறை அழுத்தி விட்டிருந்தால் இந்த ஆய்வு பாதி நீளத்தில் முடிந்திருக்கும்.

இரண்டாம் சோதனை: 120 தோட்டா

இந்த முறை ஒழுங்காகத் திட்டம் போட்டோம். சுடுபவர் இருவர், தோட்டா இரண்டு வகை: பழைய 115 கிரெய்ன் எஃகுக் கூடு, புதிதாக வாங்கிய 124 கிரெய்ன் பித்தளைக் கூடு. ஆளுக்கு ஒவ்வொரு வகையிலும் 30. மேகஸின்களை மாற்றி மாற்றிப் போட்டோம். நான் தாளில் கட்டம் போட்டு எழுதினேன்.

ஸ்லைடு மூடாமல் நிற்பது அடியோடு நின்றுவிட்டது. கிரீஸ்தான் காரணம்.

ஸ்லைடு பின்னால் பூட்டாதது நண்பர் சுடும்போது மட்டும் வந்தது, 6-ல் 5 முறை. நான் சுட்ட 6 முறையும் பூட்டியது. அவர் கையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்: இரண்டு கட்டை விரலையும் முன்னால் நீட்டிப் பிடிக்கும் முறையில், வலது கட்டை விரல் ஸ்லைடு பூட்டும் நெம்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது. குட்டைப் பிஸ்டலில் பெரிய கைக்கு இடம் போதாது. விரலை நகர்த்தச் சொன்னேன், சரியானது.

ஸ்டவ்பைப் 2 முறை வந்தது. இரண்டும் அவர் கையில், இரண்டும் எஃகுக் கூட்டில். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தப் பிஸ்டல்கள் ஜான் பிரவுனிங் நூறு வருடத்துக்கு முன் வகுத்த முறையில்தான் இன்றும் இயங்குகின்றன. சுட்டதும் குழலும் ஸ்லைடும் சேர்ந்து கொஞ்ச தூரம் பின்வாங்கும், பிறகு குழலின் பின்பக்கம் தாழ்ந்து ஸ்லைடை விட்டுவிடும். ஸ்லைடு தனியாக ஓடி வெற்றுக்கூட்டை உதைத்துத் தள்ளும். இது நடக்க உடல் பகுதி கையில் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால் உடலும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போகும், ஸ்லைடுக்குக் கிடைக்கும் வேகம் குறையும். தோட்டாவும் வீரியம் குறைந்ததாக இருந்தால் இரண்டும் சேர்ந்து காலை வாரும்.

இடப்பக்கம் கீழே விழுந்ததற்குப் பார்வைக் குறியில் கோளாறு இல்லை. மேஜையில் கையை ஊன்றி நான் சுட்டபோது நடுவில் விழுந்தது. அவருக்குத் தெரியாமல் மேகஸினில் இடையிடையே டம்மி தோட்டா வைத்துக் கொடுத்தேன். டம்மி வந்த நேரத்தில் துப்பாக்கி அசையாமல் இருக்க வேண்டும். அவர் கையில் அது மூக்கைக் குத்திக்கொண்டு கீழே போனது. வெடிக்கப் போகிறது என்று மனசு முன்கூட்டியே பயந்து கையை இறுக்குகிறது. வலது கைக்காரருக்கு அது இடப்பக்கம் கீழேதான் காட்டும். அதைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார்.

மிச்சம் ஒரு வரி. 'டிக்' சத்தம் 3 முறை வந்தது.

நான் எழுதிய தீர்ப்பு

அந்த மூன்றில் இரண்டு எஃகுக் கூடு, ஒன்று பித்தளை. அவர் சுட்டபோது இரண்டு, நான் சுட்டபோது ஒன்று. மேகஸின் இரண்டிலும் வந்தது. மலிவுத் தோட்டாவில் சில நேரம் பிரைமர் கெட்டியாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 'பிரைமர்' என்று காரணக் கட்டத்தில் எழுதிக் கோடு போட்டேன். அந்தத் தோட்டாக்களைக் காத்திருந்து எடுத்து, மறுபடி போட்டுச் சுட்டோம், வெடித்தன. அதை ஆதாரமாகவும் எடுத்துக்கொண்டேன்.

இப்போது அந்தத் தாளைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. மற்ற ஒவ்வொரு குறையும் அட்டவணையில் ஏதாவது ஒரு பக்கம் ஒதுங்கியது: ஒரு ஆள், ஒரு தோட்டா. இது மட்டும் எந்தப் பக்கமும் ஒதுங்கவில்லை. ஆள் மாறினாலும் வருகிறது, தோட்டா மாறினாலும் வருகிறது, மேகஸின் மாறினாலும் வருகிறது. மாறாமல் இருந்தது பிஸ்டல் ஒன்றுதான். ஓசூரில் பயிற்சிக்கு வந்த ஒருவர் இப்படி எழுதிக் கொண்டுவந்திருந்தால் தாளை அவர் முகத்துக்கு நேரே திருப்பியிருப்பேன். மறுபடி சுட்டால் வெடிக்கிறது என்பதும் ஆதாரம் ஆகாது. முதல் அடியிலேயே பிரைமர் நன்றாக உட்கார்ந்துவிட்டால் இரண்டாம் அடிக்கு வெடிக்கத்தான் செய்யும். அது தோட்டாவையும் குற்றம் சொல்லாது, ஊசியையும் குற்றம் சொல்லாது.

ஏன் இப்படிச் செய்தேன் என்று யோசித்தால், நாலு குறைக்கும் காரணம் கண்டுபிடித்த மிதப்பு. எல்லாமே கிரீஸ், கை, தோட்டா என்று வந்துகொண்டிருந்தது, ஐந்தாவதும் அப்படித்தான் இருக்கும் என்று மனசு முடிவு செய்துவிட்டது.

"பிஸ்டல் நல்லா இருக்கு தம்பி. மலிவு தோட்டாவ விட்டுடுங்க" என்று சொல்லி அனுப்பினேன். நண்பர் நிம்மதியாகப் போனார். அன்றிரவே தற்காப்புக்கான, முனையில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் தோட்டா நிரப்பி, கட்டிலருகே விரல்ரேகைப் பெட்டியில் வைத்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து

அடுத்த முறை ரேஞ்சுக்கு மனைவியும் வந்தார். பித்தளைக் கூடு 124 கிரெய்ன் ஒரு பெட்டி, 50 மட்டும். கை பழகியிருந்தது, ஸ்லைடு பூட்டியது, கூடுகள் வலப்பக்கம் அழகாகப் பறந்தன. ஆனால் 'டிக்' 3 முறை, அதில் இரண்டு அடுத்தடுத்து. மலிவுத் தோட்டா என்று சொல்ல இப்போது வழியில்லை. மொத்தம் 270 தோட்டாவில் 8 ஆகியிருந்தது.

மனைவி காதுக்காப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அண்ணா, எனக்கு இந்த மெக்கானிசம்லாம் வேணாம். இத வீட்ல வெச்சுக்கலாமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதுவரை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது 'இது சரியாகச் சுடுகிறதா' என்பது மட்டும்.

இந்த முறை மூன்று தோட்டாக்களையும் எடுத்து வைத்தேன். போன் கேமராவைப் பெரிதாக்கிப் பிரைமரைப் பார்த்தோம். ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் பலவீனம் என்றால் எல்லாத் தழும்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆழம் குறைந்து இருக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. நன்றாகச் சுட்ட கூடுகளில் ஆழமான குழி, வெடிக்காத மூன்றில் மூன்று விதமான ஆழம். ஏதோ ஒன்று ஊசியை எப்போதாவது வழியில் பிடித்து இழுக்கிறது. அடுத்து, மிச்சம் இருந்த எஃகுக் கூடு தோட்டாக்களை, ரேஞ்சில் வாடகைக்கு இருந்த அதே மாடல் பிஸ்டலில் போட்டுச் சுட்டேன். 40-ம் வெடித்தன. பிரைமர் மேல் நான் போட்ட பழி அதோடு போனது.

பக்கத்து அறையில், தோட்டா எதுவும் இல்லாத மேஜையில், காலி என்று இருவர் சரிபார்த்த பிறகு ஸ்லைடைக் கழற்றினேன். அந்தச் சின்ன உலோகத் தலை, அதாவது ஸ்ட்ரைக்கரின் தடுப்புப் பின், இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஊசி போகும் பாதையில் குறுக்கே நிற்கும் தாழ்ப்பாள் அது. விசையை முழுவதும் இழுத்தால் மட்டுமே ஒரு நெம்பு அதை மேலே தள்ளி வழி விடும், விசையை விட்டதும் சின்ன ஸ்பிரிங் அதை மறுபடி குறுக்கே கொண்டுவரும். துப்பாக்கி கை நழுவிக் கீழே விழுந்தால், அந்த அதிர்வில் ஊசி முன்னால் பாய்ந்து பிரைமரைத் தொடாமல் தடுப்பது இதுதான்.

விரலால் அழுத்தி விட்டேன். திரும்பி வரவில்லை.

ஸ்லைடை மேஜையில் லேசாகத் தட்டியதும் 'டப்' என்று வந்து நின்றது. 20 முறை செய்து பார்த்தோம், 6 முறை உள்ளேயே சிக்கிக்கொண்டது. சிக்கியிருந்த நேரத்தில் ஸ்ட்ரைக்கரை விரலால் தள்ளினால் அதன் முனை எந்தத் தடையும் இல்லாமல் முகப்புத் துளை வழியே வெளியே எட்டிப் பார்த்தது. வாடகைப் பிஸ்டலில் 20 முறை செய்தோம், ஒரு முறைகூடச் சிக்கவில்லை.

இரண்டு விஷயமும் ஒரே குறையின் இரண்டு முகம். பின் முழுவதும் ஏறாதபோது ஊசி அதன் விளிம்பில் உரசிப் போகிறது, அடி லேசாகிறது, 'டிக்' கேட்கிறது. பின் இறங்காதபோது தாழ்ப்பாள் திறந்தே கிடக்கிறது, எந்தச் சத்தமும் இல்லை. சுடாமல் போவதை மட்டும் நாங்கள் குறையாக எண்ணிக்கொண்டிருந்தோம். உள்ளே வேறு தடுப்புகளும் இருந்தன என்பது உண்மை. அதனால் கீழே விழுந்திருந்தால் கட்டாயம் வெடித்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று வாரமும் அது தோட்டா நிரப்பி, கட்டிலருகே இருந்தது. நல்லா இருக்கு என்று சொன்னவன் நான்.

பழுது பார்க்கும் முடிவு

நண்பருக்குக் கோபம். "நீங்களே எடுத்து தேய்ச்சு விட்டுடுங்கண்ணா, அஞ்சு நிமிஷ வேலைதானே" என்றார். கை துறுதுறுத்தது உண்மைதான். பின்னில் பிசிறு இருக்கலாம், அது ஓடும் துளையில் பிசிறு இருக்கலாம், ஸ்பிரிங் நெளிந்திருக்கலாம். நுண்ணிய எமரித் தாளில் நாலு இழுப்பு இழுத்தால் சுலபமாக ஓட ஆரம்பித்துவிடும்.

இருந்தும் செய்யவில்லை. ஊசியை நிறுத்துவது அந்தப் பின்னின் விளிம்புதான். அதன் கோணத்தையோ அளவையோ நான் கையால் மாற்றினால், நன்றாக ஓடுகிற, ஆனால் நிறுத்தாத தாழ்ப்பாள் கிடைக்கலாம். அதைச் சோதிக்கும் கேஜ் என்ற அளவுக் கருவி என்னிடம் இல்லை. குறை பின்னிலா துளையிலா என்றும் தெரியாது. துளையில் என்றால் பின்னைத் தேய்த்துப் பயனில்லை. அதோடு, தொழிற்சாலைக்குப் போனால் அவர்கள் பார்க்க வேண்டியது அவர்கள் செய்த பாகத்தை, நான் செய்ததை அல்ல.

தயாரிப்பாளருக்கு நண்பர் எழுதினார். 'சரியாகச் சுடவில்லை' என்று எழுதாமல், '20-ல் 6 முறை தடுப்புப் பின் சிக்குகிறது, அப்போது ஸ்ட்ரைக்கர் முனை வெளியே வருகிறது' என்று எழுதச் சொன்னேன். ஒரு வீடியோவும் சேர்த்தோம். மறுநாளே பதில் வந்தது: பயன்படுத்தாதீர்கள், அனுப்புங்கள். கைத்துப்பாக்கியைத் தனிநபர் அஞ்சலகம் வழியாக அனுப்ப 1927-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் விடாததால், அவர்களே தனியார் கூரியருக்கான லேபிள் அனுப்பினார்கள். பழுது பார்த்த அதே துப்பாக்கி உரிமையாளர் கைக்கு நேராகத் திரும்பி வரலாம், கடைக்குப் போய் மறுபடி 4473 நிரப்ப வேண்டியதில்லை. நண்பர் இது தெரியாமல் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தது

26 நாள் கழித்து வந்தது. உடன் வந்த சீட்டில் இரண்டு வரி: தடுப்புப் பின்னும் ஸ்பிரிங்கும் மாற்றப்பட்டன, ஸ்லைடின் துளையில் பிசிறு நீக்கப்பட்டது. சுட்டுச் சரிபார்த்ததற்கு ஒரு முத்திரை. அவ்வளவுதான்.

தோட்டா போடுவதற்கு முன் பின்னை 30 முறை அழுத்திப் பார்த்தோம், 30-லும் திரும்பியது. பிறகு இரண்டு நாளில் 200 தோட்டா: 150 பித்தளைக் கூடு, 50 ஹாலோ பாயின்ட். 'டிக்' ஒரு முறைகூட இல்லை. ஸ்டவ்பைப் 1 வந்தது, நண்பர் இடக்கையால் மட்டும் சுட்டுப் பார்த்தபோது. அதைக் கையின் கணக்கில் எழுதினோம். இந்த முறை அப்படி எழுத ஆதாரம் இருந்தது, அதே இடத்தில் அதே தோட்டாவை நான் இடக்கையால் 20 சுட்டேன், ஒன்றும் மாட்டவில்லை.

மனைவியின் கேள்விக்குப் பதில் அவரே எடுத்தார். வீட்டில் இருக்கலாம், ஆனால் கட்டிலருகே வேண்டாம். இப்போது அது அலமாரியில் தரையோடு இறுக்கிய பெட்டகத்தில் இருக்கிறது. 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கையில் நிரப்பிய துப்பாக்கி எளிதாகக் கிடைக்கும்படி வைப்பது டெக்சாஸ் சட்டப்படி குற்றம் என்பதையும் அவர்தான் தேடிப் படித்து எங்கள் இருவருக்கும் சொன்னார்.

இனி மாற்றிக்கொள்வது

ரேஞ்சில் புதிதாகத் துப்பாக்கி கொண்டு வருபவர்களிடம் நான் இப்போது முதலில் கேட்பது கையேடு படித்தீர்களா என்று இல்லை, அதை யாரும் படிப்பதில்லை. காலி செய்து, கழற்றி, துடைத்து, கையேட்டில் உள்ள பாதுகாப்புச் சோதனைகளை என் எதிரிலேயே ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்கிறேன். தடுப்புப் பின்னை அழுத்தி விடுவதும் அதில் ஒன்று. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்.

வெடிக்காத தோட்டாவை வாளியில் போட விடுவதில்லை. காத்திருந்து எடுத்து, படம் பிடித்து, பெட்டி எண்ணைக் குறித்த பிறகே போடலாம். அன்று போன முதல் இரண்டு தோட்டாவும் இருந்திருந்தால் ஒருவேளை முதல் வாரத்திலேயே ஆழம் மாறுவது கண்ணில் பட்டிருக்கும்.

சோதனைத் தாளில் காரணக் கட்டத்தை எடுத்துவிட்டேன். அங்கே ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம்தான் என்னை 'பிரைமர்' என்று எழுத வைத்தது. இப்போது அந்த இடத்தில் 'எது மாறியபோது நின்றது?' என்று இருக்கிறது. ஒன்றும் மாற்றாமல் நின்றிருந்தாலோ, எதை மாற்றியும் நிற்காவிட்டாலோ வெறுமையாக விட வேண்டும். வெறுமையாக ஒரு கட்டம் இருக்கும்வரை அந்தத் துப்பாக்கியை நிரப்பி வீட்டில் வைக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஒரு விஷயம் இன்னும் முடியவில்லை. அமெரிக்காவில் டோஸ்டரையும் குழந்தைகளின் தொட்டிலையும் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு, துப்பாக்கி அதன் வரம்பிலேயே வராது. திரும்பப் பெறுவதா இல்லையா என்பது தயாரிப்பாளரின் சொந்த முடிவு. துளையில் பிசிறு என்றால் அதே கருவியில், அதே நாளில் துளையிட்ட மற்ற ஸ்லைடுகள் என்னவாயின என்று நண்பர் கேட்டு எழுதினார். பதில் இல்லை. ஒரு மாதம் கழித்து வரிசை எண்ணையும் போட்டு மறுபடி எழுதினார். அதற்கும் இதுவரை பதில் வரவில்லை.